மூச்சு வெட்டுகிறவன்

...மூச்சு விடணுமாம், அதுவும் மூக்கு வழியாக, அதுவும் வயிறு வரைக்கும், அதுவும் தோள் அசையாமல்... கழுத்து வலிக்கிறது, இடது கையில் இரண்டு விரல் மரத்துப்போகிறது என்று வந்தவனை மல்லாக்கப் படுக்கவைத்து, வயிற்றின் மேல் ஒரு துண்டை மடித்து வைத்து, "துண்டு ஏறணும் சார், நெஞ்சு ஏறக் கூடாது" என்றால் யாருக்குத்தான் சந்தேகம் வராது, பல் வலி என்று போனவனைச் செருப்பைக் கழற்றிக் காட்டச் சொன்ன மாதிரி... ஆறு வாரமாகக் காட்டிக்கொண்டிருக்கிறேன். துண்டு ஏறுகிறதா என்று பார்க்கத் தலையைத் தூக்கினால் கழுத்து இழுக்கிறது, கழுத்து இழுத்தால் மூச்சு நிற்கிறது, மூச்சு நின்றால் துண்டு எப்படி ஏறும், என்னைச் செக்கு மாடாகச் சுற்றவிட்டு வேடிக்கை பார்க்கிற ஏற்பாடோ இது? எதிர்ச் சுவரில் இரண்டு ஆள் படம், கீழே எப்படி உட்காரவேண்டும் என்று வரி வரியாக எழுத்து. சிவப்பு ஆள் கூன் போட்டு உட்கார்ந்திருக்கிறான், பச்சை ஆள் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறான். பச்சை ஆளின் முகத்தில் இருக்கிற நிம்மதியைப் பார்த்தாலே வேலைவெட்டி இல்லாதவன் என்று தெரிகிறது. சிவப்பு ஆள் பாவம், என் ஜாடை. பக்கத்தில் ஒரு வளையம் அறுந்து தொங்கும் திரை, திரைக்கு அந்தப் பக்கம் முட்டி வலிக்கு வந்திருக்கிற பேருந்து ஓட்டுநர், அவர் காலில் ஏதோ எந்திரம் டிக் டிக் என்கிறது. "என்ன சார், எனக்கு முட்டியை நீட்டச் சொல்றாங்க, உங்களுக்கு மூச்சை நீட்டச் சொல்றாங்களா?" என்று போன வாரம் கேட்டார், சிரித்தேன், சிரித்தபோது துண்டு நன்றாகவே ஏறியது, அந்த நேரம் பார்த்து நிமிர்த்தி அறையில் இல்லை.

நிமிர்த்தி என்பது நான் மனதுக்குள் வைத்த பெயர், வாயைத் திறந்தால் டாக்டர் என்றுதான் வரும். "நான் டாக்டர் இல்ல சார், பிசியோ" என்று ஒவ்வொரு தடவையும் திருத்துவார், கூனை மட்டுமல்ல, பேச்சையும் நிமிர்த்தாமல் விடமாட்டார். முதல் நாள் என் கழுத்தில் இரண்டு விரலை வைத்துக்கொண்டு அவர் சொன்ன விளக்கம் இருக்கிறதே... "மூச்சு வாங்கறது கீழ இருக்கற தசையோட வேலை சார், உதரவிதானம். நீங்க கூன் போட்டு உட்காந்து அதை நசுக்கி வெச்சிருக்கீங்க. அது வேலை பாக்கலைன்னா, கழுத்துல இருக்கற இந்தச் சின்னத் தசையெல்லாம் விலாவைத் தூக்கித் தூக்கி மூச்சு வாங்குது. இதுங்க அவசரத்துக்கு ஓடி வர்ற ஆளுங்க. நாள் பூரா ஓவர்டைம் பாத்தா இறுகாம என்ன செய்யும்? இதுங்களுக்கு நடுவுலதான் உங்க விரலுக்குப் போற நரம்பு போகுது." கீழே இருக்கிறவன் தூங்குகிறான், மேலே இருக்கிறவன் ஓவர்டைம் பார்க்கிறான்... இது என் அலுவலகக் கதை அல்லவா, இவருக்கு யார் சொன்னது? அப்போதே என் காது விடைத்துக்கொண்டது. காதுதான் எனக்குச் சோறு போடுகிறது, காதும் இடது கைச் சுண்டு விரலும். நான் மூச்சு வெட்டுகிறவன். கேட்கிற புத்தகங்கள் தயாரிக்கும் இடத்தில் இருபத்தாறு வருட வேலை, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒருவர் உட்கார்ந்து படிப்பார், இந்தப் பக்கம் நான். திரையில் அவர் குரல் மலை மலையாக ஓடும், இரண்டு மலைக்கு நடுவே மீன் குஞ்சு மாதிரி ஒன்று நெளியும், அதுதான் மூச்சு, சுண்டு விரலால் ஒரு தட்டு, மீன் போய்விடும். கேட்கிறவர்களுக்குப் படிக்கிறவர் மூச்சு விடாத தெய்வமாகத் தெரிவார். அடுத்தவர் மூச்சைக் கேட்க வேண்டுமென்றால் நம் மூச்சை நிறுத்தியாக வேண்டும், இதில் என்ன தப்பு? வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் பெருமூச்சு ஒன்று பதிவாகிப்போய், தோட்டக்கலைப் புத்தகத்தில் ரோஜாச் செடிக்கு உரமிடும் பாடம் முடிந்ததும் 'ஹ்ஹும்' என்று வந்து, ஆசிரியருக்கு ரோஜா மேல் என்ன வருத்தம் என்று கேட்டுக் கடிதமே வந்தது. அன்றைக்கு மூச்சைப் பிடித்தவன்தான்.

அந்தச் சுண்டு விரல்தான் இப்போது மரக்கட்டை. மீனைத் தட்டுகிறேன் என்று பக்கத்துச் சொல்லைத் தட்டுகிறது. இரண்டு மாதத்துக்கு முன் ஒரு அரச வரலாற்றில் 'மன்னர் இறந்தாரில்லை' என்பதில் 'இல்லை' போய், மன்னர் நாலாம் அத்தியாயத்திலேயே செத்து ஏழாம் அத்தியாயத்தில் போருக்குப் போனார். முதலாளி சிரித்தார். இரண்டாம் தடவை சிரிக்கமாட்டார். அதனால்தான் வீட்டுக்காரி இங்கே இழுத்து வந்தாள், ஆனால் ஏன் இங்கே, ஊசி மருந்து கொடுக்கிற இடமெல்லாம் இருக்க ஏன் இந்த மூச்சுக் கடை? சரி, நல்லெண்ணம் என்று வைத்துக்கொள்ளலாம்... இரண்டாம் வாரம் நான் திரைக்குள் சட்டையைப் போட்டுக்கொண்டிருந்தபோது வெளியே இரண்டு பேரும் குசுகுசு என்று பேசியதை எந்தக் கணக்கில் வைப்பது? விசிறிச் சத்தம், எந்திரச் சத்தம், ஓட்டுநரின் இருமல், இத்தனைக்கும் நடுவே இந்தப் பாழாய்ப்போன காது ஒரே ஒரு வாக்கியத்தை மட்டும் கழுவித் துடைத்து எடுத்துக் கொடுத்தது: "இதை மட்டும் அவர்கிட்ட சொல்லிடாதீங்க." வீட்டுக்காரி குரல். எதை? நான் வெளியே வந்ததும் இரண்டு பேரும் சுவரில் இருக்கிற பச்சை ஆளை அப்படி ரசித்தார்கள், அவன் என்னவோ நேற்றுத்தான் சுவரில் வந்து உட்கார்ந்த மாதிரி. எனக்கு என்ன வியாதி? எத்தனை நாள்? கேட்கலாம், கேட்டால் சொல்லிவிடுவாளே என்று பயம். வீட்டில் அவளைக் கவனித்தேன். சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசினாள். "சாப்பிட வாங்க." "விளக்கை அணைங்க." "குடை எடுத்துக்கங்க." தந்தி அடிக்கிற மாதிரி. பிறகு யோசித்தால், அவள் எப்போதும் இப்படித்தான், வியாதிக்காகப் புதிதாகச் சுருக்கவில்லை... எப்போதுமா? எப்போதிலிருந்து எப்போதும்?

போன வாரம் வீட்டுப்பாடம் கொடுத்தார்கள். ஐம்பத்திரண்டு வயதில். "வேலை செய்யும்போது எப்படி மூச்சு விடறீங்கன்னு எனக்குத் தெரியணும் சார். போனைச் சட்டைப் பையில வெச்சுக்கிட்டுப் பத்து நிமிஷம் பதிவு பண்ணிட்டு வாங்க." என்னிடம், இருபத்தாறு வருடமாகப் பதிவு செய்கிறவனிடம். செய்தேன். கேட்டேன். ஒன்றும் இல்லை. போன் கெட்டுவிட்டது என்று நினைத்துத் திரையில் ஏற்றிப் பார்த்தேன், முழுக்கச் சமவெளி, முக்கால் நிமிடத்துக்கு ஒரு மீன், அதுவும் நல்ல மீன் இல்லை, ஓட்டைப் பிரித்து இறங்குகிற திருடன் இழுப்பானே அந்த மாதிரி ஒரு இழுப்பு, மறுபடி சமவெளி. இதையா கொண்டுபோய்க் கொடுப்பது? எனக்கு மானம் இல்லையா? என்னிடம் 'மீன் தொட்டி' என்று ஒரு கோப்பு இருக்கிறது. சில சமயம் அதிகமாக வெட்டிவிட்டால் கேட்கிறவருக்கே மூச்சு முட்டும், அப்போது திரும்ப ஒட்டுவதற்காக ஒவ்வொருவர் மூச்சையும் கொஞ்சம் சேர்த்து வைப்பேன். ஒரு தடவை ஓய்வுபெற்ற ராணுவக்காரரின் குரலில் ஒரு சங்கீத டீச்சரின் மூச்சை ஒட்டிவிட்டேன், குண்டு மழைக்கு நடுவே அவர் என்ன நளினமாக மூச்சு வாங்கினார்... தொட்டியில் தேடினேன். ஆண்கள் ஒருவருக்கும் சரியில்லை, எல்லாம் படி ஏறி வந்த மூச்சு. வயிற்றிலிருந்து, அவசரமில்லாமல், கிணற்றில் வாளி இறங்குகிற மாதிரி ஒரே ஒரு ஆளின் மூச்சு. இருபத்திரண்டு வருடம் பழசு. கல்யாணத்துக்கு முந்தி அவள் எங்களுக்குப் படித்த முதல் புத்தகத்திலிருந்து. ஆமாம், என் வீட்டுக்காரி. முகத்தைச் சரியாகப் பார்ப்பதற்கு முன் குரலைத்தான் பார்த்தேன், மலையும் மீனுமாக. அவள் மூச்சுகளை எடுத்து, சுருதியைக் கொஞ்சம் இறக்கி ஆம்பளை ஆக்கி, நடுநடுவே என் நாற்காலிச் சத்தம் இரண்டு தூவி, பத்து நிமிடத்துக்கு வரிசையாக நீந்தவிட்டேன். கேட்டால் பச்சை ஆள் தோற்றான். மகனுக்குப் பதில் தேர்வு எழுதுகிற அப்பன்களைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன், இது அதைவிடக் கேவலம், எனக்குப் பதில் நானே எழுதவில்லை.

"அருமை சார்" என்கிறார் இன்றைக்கு நிமிர்த்தி, போனைக் காதிலிருந்து எடுக்காமலே, "ரொம்ப அருமை", அந்த இரண்டாவது அருமை ஏன் அரை ஸ்வரம் ஏறியது? கண்டுபிடித்துவிட்டாரா? என்னைக் குப்புறப் படுக்கச் சொல்கிறார், முகத்துக்கு ஓட்டை விட்ட மேசை, ஓட்டை வழியே அவர் காலணி மட்டும் தெரிகிறது. காலணியிடமிருந்து என்ன தெரிந்துகொள்ள முடியும்? வலது காலணி யோசிக்கிறது. விலாவில் கை வைக்கிறார், கழுத்தில் அமுக்குகிறார், சுண்டு விரலைக் குண்டூசி முனையால் தொடறேன் என்று சொல்லி "தெரியுதா?" என்கிறார். "தெரியுது" என்கிறேன். "இன்னும் நான் தொடவே இல்ல சார்." திரைக்கு அந்தப் பக்கம் ஓட்டுநர் களுக்கென்று சிரிக்கிறார். எழுந்து உட்காரச் சொல்லிவிட்டு மேசைக்குப் போய் எழுத ஆரம்பிக்கிறார், பேனா ஓடுகிற சத்தம் நீளமாக இருக்கிறது, நல்ல செய்திக்கு இவ்வளவு மை எதற்கு? "பாருங்க சார், மூச்சாலதான் கழுத்து இறுகுதுன்னு நெனச்சேன். ஆனா இந்தப் பதிவுப்படி நீங்க வேலை நேரத்துல என்னைவிட நல்லா மூச்சு விடறீங்க. அப்படியும் விரல் மரத்துத்தான் இருக்கு. அப்ப காரணம் மூச்சு இல்ல. எலும்பு நடுவுலயே நரம்பு நசுங்குதோ என்னமோ. அறுவைசிகிச்சை டாக்டருக்குக் கடிதம் தர்றேன், அவர் பாத்து முடிவு பண்ணட்டும்." கத்தி. கழுத்தில். என் திருட்டுக்கு என் கழுத்தையே அடமானம் வைத்திருக்கிறேன்... வாயைத் திறந்து சொல்லிவிடு, 'அது ஒட்டு வேலை டாக்டர்' என்று நாலே சொல், ஆனால் ஒருவேளை இவருக்குத் தெரிந்தே என் வாயைக் கிளறுகிறாரோ, கிளறுகிறார் என்று தெரிந்தும் சொன்னால் நான் முட்டாள், கிளறாதபோது சொல்லாவிட்டால் நான் பிணம்... நான் கணக்குப் போட்டு முடிப்பதற்குள் அவர் கதவைத் திறந்து, "அம்மா, கொஞ்சம் உள்ள வாங்க, இதைக் கேளுங்க, வீட்லயும் இப்படித்தான் விடறாரா?" என்று போனை நீட்டிவிட்டார்.

அவள் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றாள். ஒரு நிமிடம். இரண்டு. தன் மூச்சைத் தானே கேட்கிறாள், தெரியுமா தெரியாதா? அவள் முகத்தில் ஒன்றுமே ஓடவில்லை, சமவெளி. கண்டுபிடித்துவிட்டால் இங்கேயே, ஓட்டுநர் முன்னாலேயே என் மானம் போகும். கண்டுபிடிக்காவிட்டால்... அது ஏன் அதைவிட மோசமாகத் தோன்றியது? போனைத் திருப்பிக் கொடுத்தாள். "இது ஆபீஸ்ல எடுத்ததா?" "ம்." "தனியாவா இருந்தீங்க?" "ஆமா, தனியாத்தான்." "அதான்." நிமிர்த்தியைப் பார்த்துத் திரும்பினாள். "நான் அன்னைக்கே சொன்னேன்ல டாக்டர். நான் பேச ஆரம்பிச்சா மூச்சைப் பிடிச்சுக்குவாரு. எப்படா முடிப்பான்னு காத்திருக்கற மாதிரி. நான் முடிச்சப்புறம்தான் விடுவாரு. தனியா இருந்தா பாருங்க, எவ்வளவு நிம்மதியா விடறாரு." அவ்வளவு நீளமாக அவள் பேசி எத்தனை நாளாயிற்று? நான்... அப்போதும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். இதுதானா அந்த 'சொல்லிடாதீங்க'? என் வியாதி இல்லை, என் சாவு இல்லை, இதுவா? அடிப் பைத்தியமே, சகித்துக்கொண்டு இல்லை, கேட்கிறதற்காக, ஒரு சொல்லும் தவறக் கூடாது என்று... என்று சொன்னால் யார் நம்புவார்கள், நானே நம்புகிறேனா? சில நாள் சகித்துக்கொண்டும்தான்.

"அது நான் இல்ல" என்றேன். "எது?" "அந்த மூச்சு. அது உன்னோடது." நான் எல்லாவற்றையும் கொட்டினேன், தொட்டி, சுருதி, நாற்காலிச் சத்தம், முதல் புத்தகம், ஒரே மூச்சில் சொன்னேன் என்பார்களே, எனக்கு அப்படித்தானே சொல்ல வரும். நிமிர்த்தி பேனாவை மூடினார். "மூணாவது நிமிஷத்துல ஒரு வளையல் சத்தம் வந்துச்சு சார். நீங்க வளையல் போடுவீங்களான்னு கேக்கக் கூச்சமா இருந்துச்சு." வளையல்! 'வளையலைக் கழட்டிட்டு உள்ள போங்க' என்று அவளிடம் நான் சொன்ன முதல் வாக்கியமே அதுதான், அதையும் மீறி ஒன்று கிணுங்கியிருக்கிறது, இருபத்திரண்டு வருடம் என் காதுக்குத் தப்பியிருக்கிறது, காதாம் காது. "அப்ப அந்தக் கடிதம்?" என்றேன். அவர் அதைக் கிழிக்கவில்லை, மேசை இழுப்பறைக்குள் வைத்து மூடினார். "நாலு வாரம் நெசமா மூச்சு விடுங்க. அப்புறம் இது வேணுமா வேணாமான்னு பாக்கலாம்." திரைக்குப் பின்னாலிருந்து, "ஏன் சார், உங்க டிக்கெட்ல அவங்களை அனுப்பி வெச்சீங்களா?" என்றார் ஓட்டுநர். "முதல்ல முட்டியை நீட்டுங்க" என்றார் நிமிர்த்தி. அவள் கைப்பையின் வாரை விரலில் சுற்றினாள், பிரித்தாள், சுற்றினாள். "அதெல்லாம் இன்னும் வெச்சிருக்கீங்களா?" என்றாள் கடைசியில். "வெட்டினதை எல்லாம்?" கோபமா, வேறு ஏதாவதா? இத்தனை வருடம் குரலை மேய்த்தவனுக்கு இந்த ஒரு குரலில் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை.

மறுபடி மல்லாக்க, மறுபடி துண்டு. "அம்மா, அந்த ஸ்டூல்ல உட்காருங்க. நீங்க பேசுங்க, சார் மூச்சு விட்டுக்கிட்டே கேக்கட்டும். அதுதான் இன்னைக்குப் பயிற்சி." "என்னத்தைப் பேசறது?" என்றாள் அவள். "ஒண்ணும் தோணலைன்னா சுவர்ல இருக்கறதைப் படிங்க." படித்தாள். நாற்காலியில் பின்பக்கம் ஒட்டி உட்காரவும். பாதங்கள் தரையில் பதியட்டும். தாடையை லேசாக உள்ளே இழுக்கவும்... அந்தக் குரல். கொஞ்சம் கரகரத்திருக்கிறது, ஆனால் அதே குரல், அந்தச் சிவப்பு ஆளுக்கும் பச்சை ஆளுக்கும் திடீரென்று கதை வந்துவிட்டது. கல்யாணமான மறு வருடம் ஏன் படிப்பதை விட்டாள்? 'பிடிக்கலை' என்றாள், நானும் சரி என்றேன், கேட்கவில்லை, கேட்கிறதுதான் என் தொழில்... மூச்சு விடு, துண்டைப் பார், ஏறுகிறது, இறங்குகிறது, அவள் படிக்கப் படிக்க நான் விடுகிறேன், முதலில் சொற்கள் தப்பிப் போகிற மாதிரிப் பதறியது, போனால் போகட்டும் என்று விட்டபோது போகவில்லை. சுண்டு விரல் நுனியில் ஏதோ எறும்பு ஊர்கிற மாதிரி, நிஜமா, பிரமையா, சொல்லவேண்டாம், சொன்னால் நிமிர்த்திக்குத் தலைகால் தெரியாது. பழக்க தோஷம், வாக்கியத்துக்கும் வாக்கியத்துக்கும் நடுவே மீனுக்காகக் காத்திருந்தேன். தோள்களைத் தளர்த்தவும். வரவில்லை. கைகளை மடியில் வைக்கவும். வரவில்லை. நாலாவது வரி, ஐந்தாவது வரி, விசிறிச் சத்தம் இருக்கிறது, எந்திரம் இருக்கிறது, ஓட்டுநரின் மூச்சு கூட இருக்கிறது, இவளுடையதைக் காணோம், அந்த வாளி இறங்குகிற சத்தம் எங்கே? 'உங்க மூச்சு ரொம்பக் கேக்குதுங்க, எனக்கு வெட்டற வேலை ஜாஸ்தி' என்று இவளிடம் யார் சொன்னது, இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து, விளையாட்டாக... தலையைத் தூக்காமல் கண்ணை மட்டும் திருப்பினேன். அடுத்த வரிக்கு முன்னால் அவள் தோள் இரண்டும் காதை நோக்கி ஒரு விரற்கடை ஏறின, கழுத்தில் இரண்டு நரம்பு கயிறாகப் புடைத்தன, சத்தமே இல்லாமல் இறங்கின. படித்தாள். மறுபடி ஏறின. மடியில் இருந்த இடது கையை வலது கையால் பிசைந்துகொண்டே படித்துக்கொண்டிருந்தாள்... பிசைகிறாளா, சும்மா வைத்திருக்கிறாளா? எந்த விரலை?